கம்பெனித் தாளில் எழுதிய நிறம்

வில்லியனூரில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பட்டா நகல் என்று எது வந்தாலும் செய்வேன். எந்தத் தாளைப் பார்த்தாலும் அது எப்படி அச்சானது என்று குடைந்து பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

போன வருஷம் கரையாம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். கரும்பு விவசாயி, பழைய கார்களை வாங்கிப் புதுப்பித்து விற்பார். ஒரு கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது கூடவே கொடுத்த தாளைக் காட்டினார். எஞ்சின் எண், பாடி எண், நிறம் எல்லாம் அதில் தட்டச்சு செய்திருந்தது. அது வேறொருவர் காருடைய தாள். இவர் காருடையதைக் கரையான் தின்றுவிட்டதாம்.

"இதே மாதிரி ஒன்னு அடிச்சுக் குடும்மா. நம்பர், கலர் மட்டும் நான் சொல்றதப் போடு."

எனக்குக் கை அரித்தது. பழுத்த காகிதத்துக்காகப் பழைய பள்ளி நோட்டுகளில் வெற்றுப் பக்கம் தேடினேன். அவர் காட்டிய தாளின் தட்டச்சில் ஒரே ஒரு எழுத்து கொஞ்சம் மேலே ஏறியிருந்தது, அதையும் ஏற்றினேன். அதிலிருந்த குண்டூசித் துளையைச் சுற்றித் துரு எப்படிப் பரவும் என்று பார்க்க, ஈரமான ஊசியை மூன்று நாள் தாளில் குத்தி வைத்தேன். அடியில் 'மறுபதிப்பு' என்று சின்னதாகப் போடவா என்றும் கேட்டேன்.

"இன்னாத்துக்கு? வண்டி நெஜம்தானே," என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அத்தனை அழகாக வந்த தாளில் அப்படி ஒரு வார்த்தையைப் போட எனக்கே மனமில்லை.

இரண்டு மாதம் கழித்து, அறுபது வயதிருக்கும் ஒருவர் ஒரு தாளை லேமினேட் செய்யக் கொண்டுவந்தார். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இது. பட்டாவோ சான்றிதழோ, பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரிஜினலையே பிளாஸ்டிக்கில் ஒட்டச் சொல்வார்கள். "ஒரிஜினல்னா பண்ணக்கூடாதுங்க" என்று சொல்லிக்கொண்டே கையில் வாங்கினேன். நான் அடித்த தாள்.

"அப்ப வேணாம்மா, பாழாப் பூடும்," என்று பதறினார். "எங்கப்பா பாகூர்ல ஒரு வூட்டுல டிரைவர். அவரு ஓட்டுனது இந்த மாடல் காருதான், நீலம். நீலமா பெயிண்ட் அடிச்ச வண்டி நெறைய பாத்துட்டேன். கம்பெனியிலேர்ந்து வரும்போதே நீலம்னு சீட்டு இருந்தது இது ஒன்னுதான், அதான் வாங்கிட்டேன். அப்பா ஓட்டுன வண்டியேதான் இது."

வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுஷன் சந்தோஷமாகப் போயிருப்பார்.

"இத லேமினேட் பண்ணலாங்க," என்றேன். "இது ஒரிஜினல் இல்ல. நான் அடிச்சது."

அவர் கோபப்படவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப மொதல்ல அந்த வண்டி இன்னா கலரும்மா?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

"தெரியாதுங்க. அத நான் கேக்கவே இல்ல."