இடது ஃபோர்க்

இப்போது நான் வேலை பார்க்கும் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் சொல்லிக்கொள்ள ஒரு வளைவுகூட இல்லை. தர்மபுரி டவுனுக்குள் ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். சௌகரியம்தான், குறை சொல்லக் கூடாது. ஆனாலும் சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் பைக்கின் முன்சக்கரத்தைத்தான் என் கண் முதலில் பார்க்கும். சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாயில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால், ஓட்டுகிறவரை ஓரங்கட்டச் சொல்லி ஒரு பாடம் எடுக்க நாக்கு துறுதுறுக்கும். வத்தல்மலைப் பள்ளியில் டீச்சராக இருந்த ஆறு வருஷத்தில் ஒட்டிக்கொண்ட வியாதி இது.

என்னை மலைக்கு மாற்றல் போட்டபோது எல்லோரும் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். பள்ளி நேரத்துக்குத் தோதான பஸ் கிடையாது. ஏற்றமெல்லாம் கொண்டை ஊசி வளைவு. காரிமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு வாங்கினேன். சுடிதாரில் கியர் வண்டி ஓட்டிக்கொண்டு போகும் டீச்சரை முதல் வாரம் வழியெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம் கை காட்டி லிஃப்ட் கேட்டார்கள். அடிவாரத்தில் வேர்த்து ஊற்றும், பாதி மலை ஏறினால் பனி முகத்தில் அடிக்கும். சாமைக் காட்டைத் தாண்டும் கடைசி வளைவில் யாருக்கும் கேட்காதென்று சத்தம் போட்டுப் பாடுவேன். அந்தச் சந்தோஷம் எனக்குப் பிறகு வேறு எங்கேயும் கிடைக்கவில்லை.

வண்டிக்கு ஒரு குணம் இருந்தது. குழியில் இறங்கினால் முன்னால் 'டொக்' என்று அடிக்கும். வளைவில் பிரேக் பிடித்தால் ஹேண்டில் பக்கவாட்டில் இழுக்கும். இடது ஃபோர்க்கில் எப்போதும் எண்ணெய். முதல் வருஷமே ஒரு வளைவில் சறுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். தொப்பூர் கணவாயில் லாரிக்கு அடியிலிருந்து ஆட்களை எடுத்து வருவது அவருக்கு அன்றாட வேலை. அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு என் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, "இன்னொரு தடவ உழுந்தீன்னா டிரான்ஸ்பர் எழுதிக் குடுத்துட்டு எறங்கி வந்துடணும்" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை மீறும் ஜாதியில்லை நான், அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஆனால் மறுபடி விழுந்தேன். இறக்கத்தில், மழை விட்ட சாயங்காலம், வலது கை முட்டி தேய விழுந்தேன். வழியில் யாரும் இல்லை. எழுந்து வண்டியை நிமிர்த்தியபோது வலியைவிட, மலை போய்விட்டதே என்றுதான் அழுகை வந்தது. முழுக்கை சுடிதார் போட்டு மறைத்து, வீட்டில் ஒன்றும் நடக்காததுபோல் நடமாடினேன். அவர் கண்டுபிடிப்பதற்குள் வண்டியைச் சரி செய்துவிட்டால் உண்மையைச் சொல்ல முகம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

மெக்கானிக் ஏற்கெனவே இரண்டு முறை இடது ஃபோர்க்கின் ஆயில் சீலை மாற்றியிருந்தார். சீல் என்பது எண்ணெயை வெளியே விடாமல் பிடிக்கும் ரப்பர் வளையம். ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து, இருந்தபடியே அடுக்கி, கசிந்து போனதற்கு ஈடாக எண்ணெயைக் கூடக் கொஞ்சம் ஊற்றி மூடுவார். மூன்றே வாரத்தில் மறுபடி கசியும். மூன்றாவது முறை போய், வலது ஃபோர்க்கையும் பிரியுங்கள் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "நல்லா இருக்கறத எதுக்குங்க டீச்சர் பிரிக்கறது?" என்றார். வகுப்பில் ஒரு பையன் தப்பாகப் போட்ட கணக்கைச் சரியாகப் போட்டவன் நோட்டோடு சேர்த்து வைத்துத்தான் நான் பார்ப்பேன், இதையும் அப்படித்தான் பார்க்கணும் என்று பிடிவாதமாக நின்றேன்.

பிரித்தார். இரண்டு ஸ்பிரிங்குகளையும் தரையில் விரித்த கோணிச் சாக்கில் அருகருகே வைத்தார். இடது பக்கத்து ஸ்பிரிங்கோடு விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டு. வலது பக்கம் அது இல்லை. கம்பெனி வைத்தது என்று இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தது, யாரோ ரம்பத்தால் அறுத்துத் திணித்த கிணற்று மோட்டார் பைப். ஒரு கால் மட்டும் மடங்காமல் முரண்டு பிடித்தால் வண்டி இழுக்காமல் என்ன செய்யும்? போதாததற்கு இவர் ஊற்றிய உபரி எண்ணெய் வேறு. அழுத்தம் தாங்காமல் சீல் கக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். துண்டை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவு எண்ணெய் ஊற்றி மாட்டிக் கொடுத்தார். குழியில் இறக்கினேன், சத்தமே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விற்றவரை நாலு வார்த்தை கேட்டே தீருவதென்று குழாய்த் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு காரிமங்கலம் போனேன். அவர் அதை வாங்கிப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல் சிரித்தார். அவர் மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆன வருஷம் அவரே அறுத்து வைத்ததாம்.

"பொம்பளைங்க ஒரு பக்கமா காலத் தொங்கப்போட்டுத்தானுங்களே உக்காருவாங்க. வெயிட்டு பூரா எடது பக்கம். அந்தப் பக்கம் அமுங்காம இருந்தா இவளுக்கு இடுப்பு நோவாதுன்னு முட்டு குடுத்தேனுங்க டீச்சர்."

காபி கொண்டுவந்த அந்தம்மா டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு இது இப்போதுதான் தெரிகிறது.

"குழியில எறங்கறப்பெல்லாம் உசுரு போவும். ஆபரேசன்தான் சரியா ஆவலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"நீ ஒரு நாளும் சொல்லலயே. சொகமா இருக்குதுன்னுல்ல நெனச்சேன்" என்றார் அவர். பாவம், முகம் செத்துப்போயிருந்தது. அந்தம்மா அந்தக் குழாய்த் துண்டை வாங்கி முந்தானையில் துடைத்தார். எண்ணெய் போகவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எனக்குத்தான் மனசு குறுகுறுத்தது. மத்தியானம் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, விழுந்ததைச் சொன்னேன். மறைத்ததையும் சொன்னேன். டிரான்ஸ்பர் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "அன்னைக்கு நீ கொழம்புக் கரண்டிய எடது கையில புடிச்சப்பவே தெரியும்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. தெரிந்துகொண்டே இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று சண்டைக்குப் போனேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் வத்தல்மலை ரோடு என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டுதான் ஆம்புலன்ஸை எடுத்தாராம்.

"கேட்டிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்ப. ஒத்துக்கிட்டா, சொன்ன சொல்லுக்கு மலைய உட்டு எறங்கி வந்திருப்ப. அப்புறம் வூட்டுல தெனமும் வாடிப்போன உம் மொகத்த யாரு பாக்கறது?"