சுருங்கிய வயிற்றோடு மட்டக்களப்பில் மூன்று சாப்பாடுகள்

பத்து மாதங்களுக்கு முன்பு கொழும்பில் என் வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். எடையைக் குறைக்க. மிச்சம் இருப்பது ஒரு சின்ன வாழைப்பழம் அளவுக் குழாய். முப்பத்தெட்டுக் கிலோ குறைந்திருக்கிறேன். அம்மாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "டயட், நடை" என்றேன். நடந்து குறைத்தால் கெட்டிக்காரி. வெட்டிக் குறைத்தால் காசைக் கொட்டி ஏமாற்றியவள். நான் குண்டாக இருந்தபோது பஸ்ஸில் "ரெண்டு டிக்கெட் எடுங்க" என்று சிரித்தவர்கள்தான் இந்தத் தீர்ப்பையும் எழுதுகிறார்கள்.

இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துவிட்டு வெளியில் சாப்பிடப் பயந்துகொண்டிருப்பவர்களுக்காக இந்தப் பதிவை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், கடைகளின் விலையாவது பிரயோசனப்படும்.

மட்டக்களப்புக்குப் போனதற்குக் காரணம் எனக்குக் கிடைத்த ஒரு வேலை வாய்ப்பு. பயிர்ச்சேதக் கணக்கெடுப்பு. வாவிக்கு மேற்கே வவுணதீவு, கரடியனாறு, சித்தாண்டி என்று ஒவ்வொரு வயல் வட்டையாக வாகனத்தில் போக வேண்டும். பகல் சாப்பாடு எந்தக் கடை அகப்படுகிறதோ அந்தக் கடையில், குழுவோடு. திங்கட்கிழமை ஓமா இல்லையா என்று சொல்லச் சொன்னார்கள். எனக்கு வேலை பிடித்திருந்தது. பிரச்சினை அந்தப் பகல் சாப்பாடுதான்.

ஏனென்றால் நவம்பரில், பழைய அலுவலகத்தில் ஒருவரின் பிரியாவிடை விருந்தில், கொழும்பு உணவகமொன்றில், எல்லோருக்கும் முன்னால் மேசையிலேயே வாந்தி எடுத்தேன். ஒரே ஒரு வாய் அதிகம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வெளியே ஒரு தட்டின் முன்னால் நான் உட்காரவில்லை. ஆகவே வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அங்கே போய்க் கடையில் சாப்பிட்டுப் பார்ப்பது, முடியாவிட்டால் வேலையை விடுவது என்று முடிவு செய்தேன். கைப்பையில் இரண்டு அவித்த முட்டை, மடித்த ஒரு பொலித்தீன் பை. பை எதற்கென்று சொல்லத் தேவையில்லை.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ரயில். ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலம். இறால் வடை விற்பவர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். முன் இருக்கைப் பெண் இரண்டு முறை நீட்டினார், இரண்டு முறையும் "இப்பதான் சாப்பிட்டன்" என்று பொய் சொன்னேன். மூன்றாவது முறை அவர் நீட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பயணம் அப்படித்தான் தொடங்கியது.

வெள்ளி இரவுச் சாப்பாடு பட்டணத்தில், வாவி ஓரமாக ஒரு நடுத்தரக் கடையில். இறால் கறியோடு சோறு 1,800 ரூபா. இறால் நன்றாக இருந்தது, புதியது, தேங்காய்ப்பால் மெல்லியதாக. எங்கள் விதி: முதலில் புரதம், கடைசியில்தான் சோறு, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும், சாப்பாட்டோடு எதுவும் குடிக்கக் கூடாது. ஐந்து இறால் போனது. பிறகு மூக்கு ஒழுகத் தொடங்கியது. எனக்கு வயிறு நிறைந்ததற்கு அதுதான் அடையாளம், உங்களுக்கு விக்கல் வரலாம். கையை எடுத்தேன். தட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

பரிமாறியவர் வந்து நின்றார். "ஏன் மிஸ் வெச்சிட்டீங்க? உறைப்பா?"

"இல்ல, வயிறு கொஞ்சம் சரியில்ல."

"அய்யோ. அத முதலே சொல்லியிருக்கலாமே. இரிங்க, சோடா கொண்டு வாறன். காசு வேணா."

தடுக்குமுன்னே போத்தலைத் திறந்துவிட்டார். எதிரில் நின்றுகொண்டு குடிக்கிறேனா என்று பார்த்தார். அன்பாகத்தான். என் வயிற்றுக்குச் சோடா என்பது மூடிய பானைக்குள் காற்றை அடிப்பது போல. மரியாதைக்கு இரண்டு மிடறு குடித்தேன். விடுதி அறையில் ஒரு மணித்தியாலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்போதும் பொய்தான் வினை என்று எனக்கு உறைக்கவில்லை. வேறு நல்ல பொய் தேட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை ஆட்டோ. ஓட்டுநர் குணம் அண்ணன், ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாதவர். வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவு வழியாகக் கரடியனாறு வரை, காத்திருப்போடு போகவர 4,500 ரூபா. ஒரு பக்கம் முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. வெட்டுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது. மூட்டையைத் தூக்க மட்டும் இன்னும் மனிதர்கள்தான். வீதியோரம் நெல் காயப் போட்டிருந்தார்கள். அதை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்பதை அதைக் காயப் போட்டவர்கள் ஒருநாளும் தீர்மானித்ததில்லை.

பகல் சாப்பாட்டுக்குக் கரடியனாற்றில் தகரக்கூரைக் கடை. மீனும் மூன்று மரக்கறியும் 450 ரூபா. மூட்டை தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பெண் நான் ஒருத்திதான். கடைக்கார அக்காவிடம் "கொஞ்சமாப் போடுங்க" என்றேன்.

"கொஞ்சமெண்டா என்ன கணக்கு? இஞ்ச எல்லாருக்கும் ஒரு கணக்குத்தான்." மலை மாதிரி விழுந்தது.

மீனைத் தின்றேன். பருப்பில் இரண்டு விரலைத் தொட்டு நக்கினேன். சோற்றைத் தொடவே இடமில்லை. சுற்றியிருந்தவர்களின் தட்டுகள் துடைத்தது போல வெறுமையாகின. என்னுடையது மட்டும் குவியல். ஒருவர் என் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு கை கழுவப் போனார். ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் பல போகம் மூட்டை தூக்கினாலும் சேராத காசைக் கொடுத்து வயிற்றைச் சிறிதாக்கியவள் நான். கைப்பைக்குள் பொலித்தீன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"ஏன்கா, சோறு புடிக்கல்லயா?" அக்கா மேசைக்கே வந்துவிட்டார். "மறுகா என்னத்துக்கு வாங்கின?"

"காலையில நிறையச் சாப்பிட்டிட்டன் அக்கா."

குணம் அண்ணன் என் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். "தாங்க தங்கச்சி, நான் முடிக்கிறன். இத கொட்டினா இந்த அக்கா நம்ம ரெண்டு பேரையும் வட்டைக்குள்ள புதைச்சிருவா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன்: வேலை என்றால் மாதம் இருபது நாள், இருபது கடை, இருபது பொய். குணம் அண்ணன் ஒவ்வொரு நாளும் கூட வரமாட்டார். திங்களன்று "இல்லை" என்று எப்படிச் சொல்வது என்று வசனம் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஞாயிறு காத்தான்குடி. பட்டணத்திலிருந்து தெற்கே ஐந்து கிலோமீற்றர் அளவு, கல்முனை போகும் எந்த பஸ்ஸும் போகும். சில வருடங்களுக்கு முன்பு கொழும்பு விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த பர்ஹானாவின் ஊர். அவள், அவளுடைய உம்மா, மூத்த சகோதரி நஸ்லியா ராத்தா மூவரும் என்னை உணவகத்துக்குக் கூட்டிப்போனார்கள். பெண்களுக்குத் திரை போட்ட தனி அறை, தரையில் பாய். நான் மெனுப் பலகையைப் பார்ப்பதற்குள் பர்ஹானா ஓடர் கொடுத்துவிட்டாள்: நாலு பேர் சஹன்.

தெரியாதவர்களுக்கு: சஹன் என்பது ஒரே பெரிய வட்டத் தட்டு. நெய்ச்சோறு, நடுவில் கோழி, சுற்றிலும் கத்தரிக்காய், அச்சாறு. எல்லோரும் சுற்றிக் குந்தி அதிலிருந்தே கையால் சாப்பிட வேண்டும். நான்கு பேருக்கு 5,200 ரூபா. "உன்ட பக்கத்தால மட்டும் எடு, மத்தவங்கட பக்கம் போகாத," என்று பர்ஹானா சொன்னாள். அது மட்டும்தான் விதி என்று நினைத்தேன்.

தனித்தட்டு இல்லை என்றதும் முதலில் ஒரு நிம்மதி. யார் எவ்வளவு தின்றார் என்று யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் உம்மா கோழியைப் பிய்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளத் தொடங்கினார். "தின்னு புள்ள. எலும்பும் தோலுமா இரிக்காய்." என் இருபத்தெட்டு வருட வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. கோழியைப் பட்டாணி அளவாகக் கிள்ளி மென்றேன். சீக்கிரமே மூக்கு ஒழுகியது. முடிந்தது.

இப்போது கையை எடுத்தால் கேள்வி வரும். ஆகவே எடுக்கவில்லை. சோற்றைப் பிசைந்தேன். உருட்டினேன். உருண்டையை உடைத்து மறுபடி பிசைந்தேன். இடையிடையே வெறும் விரலை வாய்க்குக் கொண்டுபோனேன். இவர்கள் முடித்ததும் நானும் முடித்தவள் போல எழும்பிவிடலாம்.

அவர்கள் முடிக்கவில்லை. பர்ஹானா ஒவ்வொரு சோறாகப் பொறுக்கித் தின்றாள். ராத்தா பெருமூச்சு விட்டுவிட்டு இன்னொரு பிடி எடுத்தார். உம்மா அச்சாறைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தார். எப்படிப்பட்ட பசி இவர்களுக்கு என்று நினைத்தேன். அவர்கள் தின்னத் தின்ன நானும் நடிக்க வேண்டியிருந்தது. நடிக்க நடிக்க விரலோடு ஒட்டிய நெய்யும் பருக்கையும் உள்ளே போனது. ஒரு பருக்கைகூட எனக்கு அதிகம். வாயில் நுரைத்த எச்சில் ஊறியது. நவம்பரிலும் இப்படித்தான் தொடங்கியது. இடது கையால் கைப்பையின் ஸிப்பை இழுத்தேன். ஒரே தட்டு. இந்தத் தட்டில் வாந்தி எடுத்தால் நான்கு பேரின் சாப்பாட்டிலும் எடுத்தது போல.

ராத்தாவால்தான் முதலில் தாங்க முடியவில்லை. "தங்கச்சி, கோவிக்காதங்க. நீங்க இன்னும் எவ்வளவு தின்னப் போறீங்க?"

"நானா? நான் எப்பவோ முடிச்சிட்டன்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"மறுகா ஏன்டி கைய எடுக்கல்ல?" என்றாள் பர்ஹானா.

"நீங்க எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறீங்க..."

"நாங்க உனக்காகத் தின்றம்!"

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. சஹனில் கடைசி ஆள் முடிக்கும்வரை மற்றவர்கள் கையை எடுப்பதில்லை, முக்கியமாக விருந்தாளியின் கை தட்டில் இருக்கும்போது. மெதுவாகத் தின்பவருக்கு வெட்கம் வந்து பாதியில் எழும்பிவிடக் கூடாது என்பதற்காக. பர்ஹானா அதைச் சொல்லித் தராததற்குக் காரணம், அதைச் சொல்லித் தர வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து செய்வது. நான் அவர்களுக்குப் பயந்து கையை வைத்திருந்தேன். அவர்கள் எனக்காக வைத்திருந்தார்கள்.

"கைய எடு புள்ள," என்றார் உம்மா. "முதல்ல கைய எடு. நாங்க வெடிச்சிருவம்."

எடுத்தேன். மூன்று கைகளும் ஒன்றாக வெளியே வந்தன. ராத்தா சுவரில் சாய்ந்து "யா அல்லாஹ்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு ஓயுமுன் நான் சொல்லிவிட்டேன். சத்திரசிகிச்சை, வாந்தி, வேலை, எல்லாம்.

உம்மா, "வெட்டின துண்ட என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார்.

"தெரியாது உம்மா. கேக்கல்ல."

"கேட்டிரிக்கணும். உன்ட சாமான்தானே."

ராத்தா பெரிய உடம்புக்காரி. அவர் கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தி, குரலைத் தணித்து, வலித்ததா என்று கேட்டார். முடி கொட்டியது, விற்றமின் குளிசை வாழ்நாள் முழுக்க, பயம் இன்னும் போகவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"கலியாண வீட்டுல என்ட சஹனுக்கு ஆள் வராது, தெரியுமா? நான் குந்தினா, வாறவளுகள் ஒருக்காப் பாத்திட்டு அடுத்த சஹனுக்குப் போவாளுகள். தங்களுக்கு மிஞ்சாதாம். நான் எவ்வளவு தின்றன் எண்டு ஒருத்தியும் பாத்ததில்ல." பிறகு என் தோளைத் தட்டினார். "இனி நீ என்ட பக்கத்துல குந்து. கணக்குச் சரியாயிரும்."

அறுவடை மூட்டைக்காரர் என்னைப் பார்த்ததையும், இவரைப் பார்த்துவிட்டு நகர்ந்து போனவர்களையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன். நம் ஊர்களில் ஒருவர் தட்டை இன்னொருவர் அளக்கும் வேலைக்கு விடுமுறையே கிடையாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தட்டு வருமுன்பே சொல்லுங்கள், வந்த பிறகு சொன்னால் அது குறை சொல்வது போலக் கேட்கும். "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள், சோடா வரும். கிராமத்துக் கடைகளில் மீனையும் கறியையும் தனியாக வாங்கலாம், கேட்டால் தருவார்கள், சோற்றுக்கு முன்பே கேட்க வேண்டும். இறால், நண்டு, மீன் எல்லாம் இந்தப் பக்கம் நமக்கேற்ற சாப்பாடுதான், அவசரப்படாவிட்டால். கடைசியில் வரும் இனிப்பு வட்டிலப்பத்தை ஒரு கரண்டி நுனியோடு நிறுத்துங்கள், அந்தச் சீனி நம்மைப் படுக்க வைத்துவிடும். எனக்குச் சரியானது உங்களுக்குச் சரியாக இல்லாமலிருக்கலாம், உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். சஹனில் உட்கார்ந்தால், நிறைந்ததும் தயவுசெய்து கையை எடுங்கள்.

திங்கள் காலை தொலைபேசியில் ஓம் என்றேன். கூடவே சத்திரசிகிச்சையையும் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர், "அதுக்கென்ன, எங்கட டிரைவர் ஒரு ஆளே போதும், நீங்க வெக்கிற மிச்சம் எல்லாத்தையும் முடிக்க," என்றார். பொலித்தீன் பை இன்னும் கைப்பைக்குள்தான் இருக்கிறது. எடுக்கும் தைரியம் வரவில்லை.

நேற்று ராத்தா குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவர்களின் சொந்தத்தில் ஒரு கல்யாணமாம். நான் வருகிறேன், கொஞ்சம்தான் தின்பேன் என்று கேள்விப்பட்டு அவர் சஹனில் குந்த இப்போதே போட்டியாம். பத்து மாதத்துக்கு முன்பு வந்திருந்தால் ராத்தாவும் நானும் தனியாகத்தான் குந்தியிருப்போம்.

"பாத்திட்டு எழும்பிப் போனவளுகள் வேணாம் ராத்தா," என்று பதில் அனுப்பினேன். "அண்டைக்கு இருந்த நாலு பேருமே குந்துவம்."

உடனே பதில் வந்தது. "சரி. ஆனா முடிஞ்சா முடிஞ்சிது எண்டு வாயத் துறந்து சொல்லணும். இன்னொருக்கா என்னால ஏலா."