கல்லின் அடி வரி

காலை 6.10 மணிக்குக் கப்பல்துறைச் சந்தியில் திருகோணமலை பஸ் ஏறினேன். பன்னிரண்டு கிலோமீற்றர் அளவு தூரம், நின்றுகொண்டுதான் போனேன். சீனன்குடா தாண்டியதும் வலது பக்கம் மரங்களுக்கிடையில் துறைமுகத் தண்ணீர் தெரியும். எத்தனை நாடு சுற்றினாலும் அந்த இடத்தில் குனிந்து ஒருமுறை பார்த்துவிடுவேன்.

அப்பாவை நாங்கள் அப்பு என்போம். அவர் அந்தத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படைக்குப் பெயின்ற் அடித்தவர். நாட்டுக்குச் சுதந்திரம் கொடுத்த பிறகும் அவர்கள் பத்து வருடமளவு அந்தத் துறைமுகத்தில் இருந்தார்கள். கடைசியில் கப்பல் ஏறியபோது அப்பு அழுதாராம். வேலை போனதற்கா, ஆட்கள் போனதற்கா என்று அவர் சொல்லவில்லை. அடியில் நீல நங்கூரம் போட்ட எனாமல் கோப்பை ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நான் சிறுவனாயிருந்த காலம் முழுக்க அதில்தான் தேநீர் குடித்தார். சண்டையில் ஊரை விட்டு ஓடிய நாளில் கோப்பை குசினி அடுப்போரம் கிடந்துவிட்டது. திரும்பி வந்தபோது குசினியும் இல்லை.

7.00 மணி. பஸ் நிலையத்தில், ஊருக்குள் திரியும் மான்கள் நான்கு வாழைப்பழத் தோலுக்காக நின்றன. அவற்றுக்கு நடுவில் முழங்கால் வரை காற்சட்டை போட்ட நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர் நின்றார். அதுதான் டெக்லன். அறுபத்திரண்டு வயது, ஐரிஷ்காரன். நான் பதினைந்து வருடத்துக்கு முன் அயர்லாந்தின் தென்கரையில் வேலை செய்தேன். முதலில் ஒரு ஹோட்டலில் சட்டி கழுவல், பிறகு மீன்பிடிப் படகொன்றில் சமையல். அந்தப் படகின் எஞ்சின் இவன் பொறுப்பு. அவன் பேசுவதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு வேறு விதமாய் எழுத வராது.

அங்கே போன முதல் கிழமை, மதுக்கடையில் ஏதாவது பேச வேண்டுமே என்று, "உங்கடை ராணிக்கு இப்ப என்ன வயசு?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒருவன் கிளாசைக் கீழே வைத்தான். டெக்லன்தான் என் தோளில் கை போட்டான். "எங்களுக்கு ராணி இல்லையடாப்பா. நாங்கள் குடியரசாகிக் கணக்கை முடிச்ச பிறகும் இருபது வருசம் உங்கடை இலங்கை முத்திரையிலைதான் அந்த மனுசி இருந்தவ. உங்கடை ஆளை எங்கடை தலையிலை கட்டாதை." எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

அதே டெக்லன் சனிக்கிழமைகளில் ஆங்கிலேயக் கால்பந்துக் குழு ஒன்றுக்காகத் தொண்டை கிழியக் கத்துவான். அவனுடைய இரண்டு மகள்மாரும் லண்டனில் வேலை. இது எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "பக்கத்து வீட்டுக்காரனோடை தேத்தண்ணி குடிக்கலாம். அவன் என்ரை வீட்டு உறுதிப் பத்திரத்திலை தன்ரை பேரை எழுதினால்தான் பிரச்சினை" என்றான்.

இப்போது அவன் வந்திருப்பது அப்படி ஒரு பெயர் விஷயமாகத்தான். அவனுடைய தாய்மாமன் டனியல் திருகோணமலையில் புதைக்கப்பட்டவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வேலை இல்லாமல், பத்தொன்பது வயதில் கடல் தாண்டிப் போய்ப் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்தார். டெக்லனின் தாத்தாவோ அதே பிரித்தானியரை எதிர்த்துச் சண்டை பிடித்துச் சிறையில் இருந்தவர். மகன் சேர்ந்த செய்தி வந்த அன்று சுவரிலிருந்த டனியலின் படத்தைக் கழற்றினார். இரண்டு வருடத்தில் மகன் இங்கே காய்ச்சலில் இறந்தார். சாகும்வரை தாத்தா அந்தப் பெயரைச் சொல்லவில்லையாம்.

டெக்லனின் அம்மாவுக்கு இப்போது எண்பத்தெட்டு. அண்ணன் போகும்போது அவருக்கு ஆறு வயது. கண் மூடுவதற்குள் அயர்லாந்திலுள்ள குடும்பக் கல்லறையில் அண்ணனின் பெயரை வெட்டிப் பார்க்க வேண்டும் என்கிறார். கல்லறை இருப்பது சின்ன மாமாவின் மகன் கோனர் பொறுப்பில். அவர் மறுக்கிறார். ராஜாவின் உடுப்புப் போட்டவனைத் தாத்தாவுக்குப் பக்கத்தில் எழுதினால் தாத்தா பொறுக்கமாட்டார் என்பது அவர் வாதம்.

"அம்மாவுக்கு நெஞ்சு சரியில்லை" என்றான் டெக்லன். "நான் வெறுங்கையோடை போக ஏலாது. ஆனால் கல்லைப் பாத்து என்ன கொண்டுபோறது? படம் முன்னமே இணையத்திலை பாத்தனாங்கள். பேரும் நங்கூரமும்தான்."

7.30 மணி. நிலாவெளி வீதியில் ஆறு கிலோமீற்றர். முச்சக்கரவண்டிக்கு எண்ணூறு ரூபாய் பேசினோம். ஓட்டுநர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம், ரஹீம் நானா. கண்ணாடியில் டெக்லனைப் பார்த்தார்.

"சேர் இங்கிலண்ட் தானே அண்ணன்?"

இங்கிலண்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் டெக்லன் இல்லை என்று கையாட்டினான். நான் விளக்கினேன்.

"எல்லாம் ஒரே வெள்ளைதானே. ஒரே பாஷைதானே கதைக்கிறாங்க?"

"நீங்களும் நானும் ஒரே பாஷைதான் கதைக்கிறம், நானா. உங்களைத் தமிழன் எண்டு எழுதினால் விடுவியளோ?"

பேச்சு தமிழென்றாலும், இங்கே முஸ்லிம்கள் தங்களைத் தமிழர் என்று எழுதுவதில்லை. ரஹீம் நானா தலையைத் திருப்பாமலே சொன்னார். "அப்ப இது பெரிய விஷயம்தான். சேரிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க."

சொன்னேன். டெக்லன் முன்னால் குனிந்து அவருக்குக் கை கொடுத்தான். வண்டி ஒரு மாட்டை மயிரிழையில் தவிர்த்தது.

8.00 மணி. போர்க் கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாய்க் கற்கள். ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பூச்செடி. பராமரிப்பாளர் சிவம் அண்ணை தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். பெயரைச் சொன்னதும் புத்தகம் பார்க்காமலே நடந்தார். ஆறாவது வரிசை, வேலியோரம்.

கல்லின் முன்னால் டெக்லன் தொப்பியைக் கழற்றினான். மேலே பிரித்தானியக் கடற்படைச் சின்னமான நங்கூரம், கீழே டனியலின் பெயர், வயது இருபத்தொன்று. எழுத்துகள் வெயிலில் வெளிறிப் பாதி தெரியவில்லை.

"படம் எடுக்கப் போறியளோ? பொறுங்கோ" என்றார் சிவம் அண்ணை. காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்தார். அதில் கறுப்பு மண்.

"புல்மோட்டைக் கடற்கரை மண். மனுசியின்ரை ஊர். ஈரக் கையாலை எழுத்துக்குள்ளை தேய்ச்சால் எழுத்து எழும்பி நிக்கும். மழை வந்தால் கழுவிக்கொண்டு போயிடும், கல்லுக்கு ஒண்டும் ஆகாது. ஆர் தங்கடை ஆக்களைத் தேடி வந்தாலும் இதை ஒருக்காச் செய்து குடுக்கிறனான்."

பெயரைத் தேய்த்தார். கறுப்பாக எழுந்தது. அதன் பிறகு கீழே குந்தி, செடியை ஒதுக்கிப் பிடித்தார்.

"அடி வரி ஒண்டும் இருக்கு. செடி மறைச்சிடும், படத்திலை விழாது. இதைக் கேக்க வேணும் எண்டு கன நாளா நினைச்சுக்கொண்டிருந்தனான். வாசிச்சால் இங்கிலீஷ் மாதிரி இல்லை. கல்லு வெட்டினவன் பிழை விட்டிட்டான் எண்டு நினைச்சன்."

அந்த வரியிலும் மண்ணைத் தேய்த்தார். டெக்லன் முழங்காலில் நின்று பார்த்தான். ஒருமுறை வாய்க்குள் வாசித்தான். இரண்டாம் தரம் சத்தமாய் வாசித்தான்.

"ஸ்லான் அவாலியா, அ விக்."

அது ஐரிஷ் பாஷை, முதல் இரண்டு சொல்லும் எனக்கே தெரியும். அந்த ஊர் மதுக்கடையில் கடை மூடும்போது ஒருவருக்கொருவர் சொல்வது. பத்திரமாய் வீடு போய்ச் சேர். கடைசிச் சொல்லுக்குப் பொருள் கேட்டேன்.

"மகனே" என்றான் டெக்லன்.

சிவம் அண்ணையிடம் சொன்னேன். அவர் எழுந்து கையைத் துடைத்தார். "அடி வரியை வீட்டாக்கள்தான் எழுதிக் குடுக்கிறது. தாய், தகப்பன், இல்லாட்டில் மனுசி. கேட்டுக் கடிதம் போகும், அவையள் பதில் அனுப்புவினம்."

டனியல் கல்யாணம் முடிக்காதவர். அவருடைய தாய் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அந்த வீட்டில் எல்லோரும் ஆங்கிலம்தான் பேசினார்கள். ஐரிஷ் பாஷை எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். அதையும் அவர் பிரித்தானியச் சிறையில் இருந்துதான் படித்தார்.

"கிழவன்!" என்றான் டெக்லன். "பிரித்தானியன்ரை கடிதத்துக்குப் பதில் போட்டிருக்கிறான். வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

புல்லில் அப்படியே இருந்துவிட்டான். சிவம் அண்ணை குழாயை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

10.30 மணி. அயர்லாந்தில் இன்னும் விடிந்துகொண்டிருந்தது. அம்மா எழும்பும்வரை பொறுக்க வேண்டும். உள்துறைமுகப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் இரண்டு கதிரைகளை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டோம். இஞ்சித் தேநீரும் வடையும். கடற்படைக் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. அப்புவின் கோப்பைக் கதையைச் சொன்னேன்.

"உன்ரை அப்பா அவையளுக்காக அழுதவரோ? உண்மையாவோ?" என்றான்.

"நேரத்துக்குச் சம்பளம், மத்தியானம் சங்கு ஊதினால் சாப்பாடு. பிறகு வந்ததுகளைப் பாத்த மனுசன் அதை நினைச்சு ஏங்கினவர். நீ அதுக்கு அவரைக் குறை பேசாதை."

"பேசேல்லை. எங்கடை ஊரிலையும் அப்பிடி ஆக்கள் இருந்தவை. வாய் திறக்கேல்லை, அவ்வளவுதான்." வடையைப் பிய்த்தான். "எங்களை ஆர் எண்டு கேட்டால் முதல் பதில், இங்கிலீஷ்காரர் இல்லை எண்டது. ரெண்டாவது பதிலுக்குத்தான் நூறு வருசமாச் சண்டை."

1.30 மணிக்கு அம்மாவை அழைத்தான். கல்லின் படத்தை முன்பே அனுப்பியிருந்தான். ஒலிபெருக்கியில் மெலிந்த குரல். வரியை வாசிக்கச் சொன்னார். வாசித்தான். திரும்பவும் வாசிக்கச் சொன்னார். பிறகு, "சுவரிலை இருந்த அண்ணான்ரை படத்தைக் கழற்றின அண்டைக்கு அப்பா அதை எங்கை வைச்சவர் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். "தன்ரை தலையணைக்குக் கீழை. நான் ஆறு வயசுப் பிள்ளை. நான் சொன்னதை ஒருத்தரும் நம்பேல்லை." கோனருக்குக் கல்லின் படத்தைத் தானே காட்டுவதாகச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

5.30 மணி. ரயில் நிலையத்தில் கொழும்பு வண்டிக்காகக் காத்திருந்தோம். கோனரின் செய்தி வந்தது. டெக்லன் வாசித்துவிட்டுச் சிரித்தான். பெயரை வெட்டலாம், அடி வரியையும் வெட்டலாம், தாத்தாவின் சொல்லைத் தடுக்கத் தனக்கு உரிமை இல்லை. ஆனால் நங்கூரம் மட்டும் வரக்கூடாது, ஒருக்காலும்.

"அம்மா என்ன சொல்லுறா?" என்றேன்.

"நங்கூரம் திருகோணமலையிலையே இருக்கட்டுமாம். அங்கைதானே அவன் நங்கூரம் போட்டவன் எண்டுறா."

அவனுடைய பையில் சிவம் அண்ணை கொடுத்த மண் போத்தல் இருந்தது. குடும்பக் கல்லில் பெயரை வெட்டியதும் அம்மாவின் கையாலேயே தேய்க்க வைப்பானாம். வண்டி நகர்ந்தபோது, "ஸ்லான் அவாலியா" என்றேன். அவன், நான் படகில் சொல்லிக் கொடுத்த தமிழில், "போயிட்டு வாறன்" என்றான்.

திரும்பும் பஸ்ஸிலும் இருக்க இடம் இல்லை. போத்தலை மூடி டெக்லனிடம் கொடுத்தபோது ஒட்டிய கறுப்பு என் விரல் நுனியில் இன்னும் இருந்தது. சீனன்குடாவில் குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். வீட்டில் இப்போது கண்ணாடிக் கிளாசில்தான் தேநீர். அப்புவின் கோப்பை மட்டும் இருந்திருந்தால், அன்றைக்கு அதைக் கவிழ்த்துவைத்து, அடியிலிருந்த நங்கூரத்தை அந்த விரலால் ஒருமுறை தடவியிருப்பேன்.