இழுத்தால் வராத ஜொயின்ற்

வேலையில் நான் பொல்லாத பிடிவாதக்காரன். வயரை முறுக்கி, டேப்பைச் சுற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லொறி குலுங்கும், குலுக்கத்தில் ஜொயின்ற் கழன்றால் நெருப்பு. ஆகவே ஈயம் வைத்து ஒட்டுவேன், ஸ்லீவ் போடுவேன், டேப் சுற்றி மெழுகு நூலால் இறுக்கிக் கட்டுவேன்.

யுத்த காலம். கொழும்பு கிராண்ட்பாஸில் நான் வேலை செய்த கராஜுக்கு ஒரு லொறி பின்விளக்கு வயர் கருகி வந்தது. டிரைவரின் சீற்றுக்குக் கீழே அப்படித்தான் ஜொயின்ற் போட்டேன். டிரைவர் மலைநாட்டுக்காரன், என் வயதுதான். என்னை வெள்ளவத்தையில் இறக்கிவிடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டான்.

பட்டப்பகலில் செக்பொயின்ரில் மறித்தார்கள். ஆமிக்காரன் சீற்றைத் தூக்கினான். புது வயர், கறுப்புப் பொட்டலம், இரண்டு தமிழர்கள். குண்டு என்று முடிவுகட்ட வேறென்ன வேண்டும்? துவக்குப் பிடியால் என் வாயில் இடித்தான். டிரைவரை இழுத்துத் தெருவில் முழங்காலில் இருத்தினார்கள்.

லைட் வயர்தான், சுவிட்சைப் போட்டுக் காட்டுகிறேன் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சுவிட்ச் என்றதும் எல்லோரும் பின்னால் பாய்ந்தார்கள். மடையன் நான், அந்தச் சொல்லை எடுத்திருக்கக்கூடாது.

ஒருவன் துவக்கை டிரைவரின் பிடரியில் வைத்தான். “கலவபங்,” என்றான் என்னைப் பார்த்து. கழற்றட்டாம்.

இழுத்தேன். வரவில்லை. டிரைவரின் காதில் சப்பாத்துக் கால் விழுந்தது. திரும்ப இழுத்தேன். வரவில்லை. திரும்ப உதை. குறடு, கத்தி எல்லாம் இருந்த என் பையை முதலே பறித்துவிட்டார்கள். நானே சுற்றிய ஒவ்வொரு சுற்றையும் வாய்க்குள் தூஷணத்தால் ஏசினேன்.

“அண்ணே, இழுங்கண்ணே,” என்றான் அவன், இரத்தத்தைத் துப்பிக்கொண்டு.

பல்லால் கடித்தேன். ஒரு பல் போனது, நூல் அறுந்தது. ஸ்லீவைக் கிழித்துக் காட்டினேன். உள்ளே செம்பும் ஈயமும். ஆமிக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்ல வேலை என்று சிங்களத்தில் சொல்லி, எங்களைப் போகவிட்டான்.

ஒரு கிழமை கழித்து டிரைவர் கராஜுக்கு வந்தான். இடது காது இனிக் கேட்காதாம்.

“இந்தத் தடவ கையால இழுத்தா வர்ற மாதிரி போடுங்கண்ணே.”

“நெருப்புப் பிடிச்சிடும், விளங்குதோ?”

அவன் மற்றக் காதைத் திருப்பினான். திரும்பவும் சொன்னேன்.

“பிடிச்சா குதிச்சிருவேண்ணே. குதிக்கவாவது நேரம் கிடைக்கும்.”

ஆத்திரமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஈயக் கம்பியைப் பைக்குள் வைத்துவிட்டு, வயரை முறுக்கி, டேப்பைச் சுற்றிக் கொடுத்தேன்.