மாடி ஏறாத மேஸ்திரி

குணசீலனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், அவனுக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் கிடையாது என்பேன். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

மடிப்பாக்கத்தில் எனக்கு பைப் கடை. அவன் என் கடைக்கு முதலில் வெள்ளையடிப்பவனாகத்தான் வந்தான். இரண்டு கோட்டுக்கு ஒரு கோட்டு அடித்துவிட்டு, "காஞ்சா கலர் எடுக்கும் சார்" என்பான். பிறகு டைல்ஸ் ஒட்டினான். அவன் ஒட்டிய டைல்ஸ் வீட்டுக்காரர் பால் காய்ச்சுவதற்குள் எழுந்து நின்றது. பிறகு கொசுவலை. எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று அரசாங்கம் கெடு வைத்த வருஷம், கார்டு அடித்துக்கொண்டு வந்து நின்றான். 'மழைநீர் நிபுணர்' என்று போட்டிருந்தது. மழைக்கும் அவனுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், நனைந்தால் தும்முவான்.

ஒழுங்காகச் செய்தால் அது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மொட்டைமாடித் தண்ணீரைப் பைப்பில் இறக்கி, ஜல்லியும் மணலும் போட்ட தொட்டியில் வடிகட்டி, ஆழமான குழிக்கோ கிணற்றுக்கோ விட வேண்டும். குணசீலன் என்ன செய்தான் தெரியுமா? இருபதடி பைப் ஒன்றை வாங்கி என் கடை வாசலிலேயே பத்துத் துண்டாக அறுப்பான். ஒரு துண்டு, ஒரு வீடு. முழங்கை ஆழத்துக்கு மண்ணைக் கிளறி, துண்டை நட்டு, மேலே சிமெண்டு மூடி போட்டு, மூடிக்கு நீலப் பெயிண்ட். சோதிக்க வருகிறவர் மூடியைப் பார்ப்பார். மூடியைத் தூக்கிப் பார்க்க அவருக்கும் இடுப்பு வலி.

அவனை மட்டும் திட்டி என்ன பயன்? எங்கள் ஏரியா ஆட்கள் லேசுப்பட்டவர்களா! தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுவார்கள், குழாயடியில் குடுமிப்பிடிச் சண்டை போடுவார்கள். ஆனால் வீட்டு வாசலில் நான்கடி தோண்டச் சொன்னால் மட்டும், "கோலம் போடுற இடம் போயிடுமே" என்பார்கள். அவர்களுக்கு வேண்டியது மூடி. குணசீலன் மூடி விற்றான். ஜாடிக்கேற்ற மூடி என்று சும்மாவா சொன்னார்கள்!

இவர்களுக்கு நடுவில் தண்ணீர் வேண்டும் என்று நிஜமாகவே கேட்டவள் எஸ்தர் ஒருத்திதான். தூத்துக்குடிக்காரி. பன்னிரண்டு வீடுள்ள ஒரு அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் மெஸ் வைத்திருந்தாள். நாற்பது பேர் தினமும் சாப்பிடுவோம். அரிசி களைவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் பின்பக்கத்துக் கிணற்றை நம்பித்தான். அந்த வருஷம் கிணற்றின் அடி தெரிந்தது. கிணறு போனால் மெஸ் போச்சு என்பது அவளுக்குத் தெரியும்.

"மேஸ்திரி, எனக்கு இந்த நீல மூடியெல்லாம் வேண்டாம். மாடித் தண்ணி கிணத்துக்கு வரணும். மணல் தொட்டி கட்டி ஒழுங்கா விடும்" என்றாள்.

"உனுக்கு பக்காவா பண்ணித் தரேன் எஸ்தரக்கா, நீ ஏன் டென்சன் ஆவுற?" என்றான்.

நிஜ வேலை செய்யச் சொன்னதும் பயலுக்கு வேர்த்துவிட்டது. கடைக்கு வந்து, "அண்ணாச்சி, பின்சுவத்துல ரெண்டு பைப்பு இறங்குது. ரெண்டும் நாலு இஞ்சு, ஒரே கலரு. கெணத்தாண்ட இருக்கறதுல கனெக்சன் குடுத்துட்டேன்" என்றான்.

"மாடி ஏறி ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாத்தியாடா?"

"மூணு மாடி அண்ணாச்சி, வெயிலப் பாத்தியா? பைப்ப பாத்தா தெரியாதா இன்னா!"

ஜல்லி வாங்கினாயா என்று கேட்டேன். அடுத்த வாரம் என்றான். எது மாடித் தண்ணீர் இறங்கும் பைப் என்று தெரிய, எந்த மேஸ்திரியும் முதலில் அந்த ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித்தான் பார்ப்பான். நான் அப்போதே அவனைக் கழுத்தைப் பிடித்து மாடிக்கு அனுப்பியிருக்க வேண்டும். என் வியாபாரத்தில் பாதி அவன் கொண்டுவருவது. சிரித்துவிட்டு டீ சொன்னேன்.

மூன்றாம் நாள் அதிசயம் நடந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கிணற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது!

அடுக்ககத்தின் செயலாளர் ஸ்ரீவத்சன், பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், தகர மூடியை விலக்கி எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குணசீலன் அசரவில்லை. "ஊத்துக்கண்ணு தொறந்துகிச்சு சார். நம்ம கைராசி" என்றான். பக்கத்து அடுக்ககங்களிலிருந்து கும்பல் கும்பலாகப் பார்க்க வந்தார்கள். ஒரு அம்மாள் கற்பூரம் ஏற்றினாள். ஊற்று காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை சுரந்தது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சுரந்தது. அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

எஸ்தருக்கு மட்டும் சாதத்தில் சந்தன சோப்பு மணத்தது. மூன்றாவது வாரம், சாப்பிட வரும் பையன் ஒருவன், "அக்கா, ரசத்துல நுரை வருது" என்றான். அவள் செயலாளரிடம் போனாள். "புது ஊத்துன்னா ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்மா" என்று அவர் விஞ்ஞானம் பேசினார்.

அவள் அதோடு விடவில்லை. மறுநாள் காலை எல்லாரையும் கிணற்றடியில் நிற்கவைத்துவிட்டு, மூன்றாம் மாடி வீட்டுக் குளியலறையில் ஒரு பாட்டில் சொட்டு நீலத்தைக் கவிழ்த்து நாலு வாளி தண்ணீர் ஊற்றினாள். கிணற்றுக்குள் இருந்த பைப் வாயிலிருந்து நீலம் குபுகுபுவென்று கொட்டியது. மூன்று வாரமாகப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் அழுக்குத் தேய்த்துக் குளித்த தண்ணீரைத்தான் நாங்கள் நாற்பது பேரும் சோறாகத் தின்றிருக்கிறோம்.

குணசீலன் எட்டிப் பார்த்தான். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. "கனெக்சன் எவ்ளோ பக்கா பாத்தியா சார்? ஒரு சொட்டு லீக் இல்ல" என்றான்.

செருப்பால் அடித்தாலும் அந்த முகம் அப்படியேதான் இருந்திருக்கும்.

"வேற பைப்புல மாத்திக் கொடுத்து, கிணத்த இறைச்சுச் சுத்தம் பண்ணிட்டுப் போடா" என்றாள் எஸ்தர். "மெஸ்ஸு என் பொழப்பு."

"நான் ஏன் பண்ணணும்? மாடி ஏறி, வாளில தண்ணி ஊத்திப் பாத்துத்தான் குடுத்தேன். அப்பால மேல எவனோ மாத்திட்டான். அண்ணாச்சியாண்ட சொல்லிட்டுத்தான் செஞ்சேன், கேட்டுப் பாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எஸ்தர் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. இவன் ஏறினானா?"

ஏறவில்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியது அவன் பொறுப்பாகியிருக்கும், அவளுடைய மெஸ் பிழைத்திருக்கும். குணசீலன் என்னைக் கெஞ்சக்கூட இல்லை. தரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். எதிர்த்தெருவில் புதிதாகப் பைப் கடை திறந்திருப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

"ஏறியிருப்பான்" என்றேன்.

ஸ்ரீவத்சன் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே சங்கக் கூட்டம் போட்டார்கள். பைப்பை மாற்றினால் மழை வரும்வரை கிணறு காய்ந்து கிடக்கும், இப்போது என்றால் கார் கழுவ, கக்கூசுக்கு ஊற்ற, செடிக்கு விட என்று தாராளமாக இருக்கிறது. ஆகவே பைப் இருந்தபடியே இருக்கட்டும், மெஸ்ஸுக்கு வேண்டுமானால் அந்தம்மா லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளட்டும் என்று கைதட்டி முடித்தார்கள். தங்கள் குளியல் தண்ணீரைத் தாங்களே கிணற்றில் சேமித்துக்கொண்டு அதற்குக் கைதட்டும் கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வாசலில் காத்திருந்த குணசீலனுக்கு அடுத்த அடுக்ககத்து வேலையும் கிடைத்தது. அதற்கான பைப்பை என்னிடம்தான் வாங்கினான்.

நீலத் தண்ணீர் விஷயம் ஏரியா முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் மத்தியானம் மெஸ்ஸுக்கு ஒருத்தரும் வரவில்லை. நான் போனேன். வெட்கம் கெட்ட வயிறு, ஒரு மணியானால் கால் தானாக அங்கே போய்விடும். எஸ்தர் வாசல்படியில் உட்கார்ந்து பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வெந்திருக்கும் அண்ணாச்சி. உள்ள போய்ப் பாருங்க" என்றாள்.

போனேன். அடுப்பு அணைந்து கிடந்தது. பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தது.