மெல்பர்னுக்கு எட்டு மணி நேரம்

மெல்பர்னுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஏறத்தாழ 6,300 கிலோமீட்டர். நேர் விமானத்தில் எட்டு மணி நேரம். சனிக்கிழமை மதியம் கோலாலம்பூரில் இறங்கினேன். அங்கிருந்து அக்கா இருக்கும் புக்கிட் ரோத்தானுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர், வாடகைக் காருக்கு 130 மலேசிய வெள்ளி. ஜெராம் தாண்டியதும் இருபுறமும் செம்பனைத் தோட்டம்தான்.

“மெல்பர்ன்ல சொந்த வீடாண்ணே?” என்று கேட்டார் ஓட்டுநர்.

“ஆமா” என்றேன். ஊரில் எல்லோருக்கும் சொல்லிப் பழகிய பதில். உண்மையில் மளிகைக்கடை மாடியில் ஓர் அறையை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டு, கிடங்கில் பெட்டி கட்டுகிறேன்.

ஞாயிறு காலை, அக்கா பார்வதி அலமாரியிலிருந்து புத்தம்புதிய பாஸ்போர்ட்டை எடுத்துவந்தார். எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து மாறி வந்த இந்த வீட்டை விட்டு அவர் அதிகம் வெளியே போனதில்லை.

“எடுத்துட்டேன்லா தம்பி. நீ தேதி சொன்னா டிக்கெட் போட்டுடலாம். ஒன் வீட்டுல ஒரு மாசம் இருக்கணும். மேரிக்கிட்டகூடச் சொல்லிட்டேன், கோழிய அவ பாத்துக்குவா.”

பக்கத்து வீட்டு மேரி அக்கா தேநீர்க் குவளையோடு சிரித்தார். நான் அவசரமாகக் குறுக்கிட்டேன்.

“இருபது மணி நேரம் ஆகும்க்கா. நடுவுல ரெண்டு எடத்துல எறங்கி மாறணும். ஒங்க முட்டிக்கு ஆகாது.”

அக்காவின் மகள் கவிதா கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். “என்ன மாமா, டைரக்ட் பிளைட் இருக்கே. எயிட் அவர்ஸ்தானே? இந்தா பாருங்க.”

மேரி அக்கா தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் காது மடல் கொதித்தது.

“எட்டு மணி நேரம்னா மட்டும் உக்கார முடியுமா?” என்று அக்காதான் முந்திக்கொண்டார். “இங்க இருக்குற சுங்கை பெசாருக்கு பஸ்ல போனாலே எனக்கு முட்டி வீங்கிடுது. தம்பி சொல்றது சரிதான்.” பாஸ்போர்ட்டைச் சேலையில் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தார். மதியம் எனக்காக நண்டு ஆக்கினார். என்னால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை.

திங்கள் காலை கவிதா காரோட்ட, அக்காவும் விமான நிலையத்துக்கு வந்தார். எங்களை இறக்கிவிட்டு அவள் கார் நிறுத்தப் போனதும், அக்கா என் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி மெல்லக் கேட்டார்.

“வீடு சின்னதா தம்பி?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “வீடே இல்லக்கா. ஒரு ரூம்தான். மூணு பேரு இருக்கோம்.”

“சோறு யாரு ஆக்குறா?”

“மாத்தி மாத்தி ஆக்கிக்குவோம்.”

அக்கா காலரிலிருந்து கையை எடுத்தார். “பாஸ்போர்ட் அஞ்சு வருசத்துக்கு இருக்குலா. ஒண்ணும் அவசரமில்ல.”

திட்டியிருந்தால் தேவலை. கவிதா வருவதைக் கண்டதும், ஒன்றுமே நடக்காததுபோல், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லிச் சத்தமாக அறிவுரை தொடங்கிவிட்டார்.

விமானம் சொன்னபடி எட்டு மணி நேரத்தில் தரையிறங்கியது. பக்கத்து இருக்கையில் அக்கா வயதுப் பெண்மணி ஒருவர், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வழி நெடுக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.