கமலக்கண்ணன் தர்ஷினியான கதை

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, பன்னிரண்டு வருஷமாக ஒரு பம்பு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தார் கமலக்கண்ணன். இரும்பில் தலைமுடி அளவு கோளாறு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். மனுஷர்களையும் அப்படியே கண்டுபிடித்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. 2008 ஆகஸ்டு வரைக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

அந்த மாதம்தான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் சுப்ரியாவுக்காக வீட்டுக்கு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்தன. இரண்டு வாரம் கழித்து, ஆர்குட் என்ற நட்பு வலைத்தளத்தில் பழகிய ஒருவனை நம்பி யாரோ ஒரு பெண் ஏமாந்த செய்தியைப் பேப்பரில் படித்தார். மகளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை. அவளைச் சோதித்துப் பார்க்கலாம் என்றுதான் தோன்றியது.

ஷிப்ட் முடிந்ததும் பாகலூர் ரோட்டுப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆர்குட்டில் 'தர்ஷினி, ஒன்பதாம் வகுப்பு, பெங்களூர்' என்று ஒரு அக்கவுண்ட் திறந்தார். முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ படம். சுப்ரியா உடனே தோழியாகச் சேர்த்துக்கொண்டாள். மகள் ஏமாந்தாளே என்ற கவலையைவிட, தன் திட்டம் பலித்த சந்தோஷம்தான் அவருக்கு அதிகமாக இருந்தது.

முதல் நாள் பாடங்களைப் பற்றிக் கேட்டார். மறுநாள், வீட்டில் யார் யார் என்று. மூன்றாம் நாள், அப்பா அம்மா எத்தனை மணிக்கு வெளியே போவார்கள், உன் போட்டோ ஒன்று அனுப்பு, யாரிடமும் சொல்லாதே என்றெல்லாம் எழுதித் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். பதில் வரவில்லை. சனிக்கிழமை பள்ளியிலிருந்து போன் வந்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் வரவேண்டுமாம்.

கம்ப்யூட்டர் டீச்சர் ஜெயமணி, அச்செடுத்த தாள்களை மேஜையில் வைத்தார். "பதறாதீங்க சார். எவனோ நெட்டுல உங்க பொண்ணத் தொந்தரவு பண்றான். பொம்பளப் புள்ளன்னு சொல்லிக்கிறான். ஆனா எதச் சொன்னாலும் 'ஓகே, நோட் பண்ணிக்கிட்டேன்'னு எழுதறான். எந்த ஒன்பதாங் கிளாஸ் புள்ள அப்படி எழுதும்?"

மனைவி வீரலட்சுமி தாளைப் பிடுங்கிப் படித்தாள். "எந்தக் கட்டையில போறவன் இவன்? கையில கெடைச்சான்னா தோலை உரிச்சிருவேன்."

"ஆமா" என்றார் கமலக்கண்ணன்.

"ஹெச்.எம். போலீசுக்குப் போகலாங்கறாங்க" என்றார் டீச்சர்.

கமலக்கண்ணன் சட்டென்று எழுந்தார். "போலீஸ் வேணாம் டீச்சர். அந்தக் கட்டையில போறவன்... நான்தான்."

வீரலட்சுமி தாளைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சுப்ரியாவை வகுப்பிலிருந்து கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு நாளா ஸ்கூல் பஸ்ஸ விட்டு எறங்கவே பயமா இருந்துச்சுப்பா. எவனாவது நிப்பானோன்னு."

தான் செய்தது என்ன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்தபடி, "என்ட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னா கம்ப்யூட்டரையே தூக்கிடுவீங்க. டீச்சர்னா திட்டாம கேப்பாங்க. நானும் ஆர்குட்ல சேரறதுக்காக வயசக் கூட்டிப் போட்டிருந்தேன். அதையும் அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

கம்ப்யூட்டரைத் தூக்கியிருப்பார் என்பது நிஜம். "தப்பு என்மேலதாம்மா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை எல்லாருக்கும் சொல்ல முடியுமா என்று டீச்சர் கேட்டார். கமலக்கண்ணன் சொன்னார். ரோஜாப்பூவைக்கூட விடவில்லை. 'கட்டையில போறவன்' வந்த இடத்தில் ஹாலே சிரிப்பில் அதிர்ந்தது. "புள்ளைங்க பயந்தா மொதல்ல நம்மகிட்ட ஓடி வரணும். என் மக என்கிட்ட வரல. அங்கதான் நான் ரிஜெக்ட் ஆயிட்டேன்" என்று முடித்தார்.

வெளியே வந்தபோது கங்கப்பன் என்ற விவசாயி அவரைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனார். அவருடைய மகனும் அதே வகுப்பு.

"சார், நானும் பையனுக்காக அப்படி ஒரு அக்கவுண்ட்டு தொறந்து வெச்சிருக்கறேன். அத எப்படி மூடறது?"

கமலக்கண்ணனுக்கும் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டார்.